கிளப்புக் கடை வானொலியின் வானிலை அறிக்கை

இப்போது காலையில் எந்த எஃப்.எம்.மைத் திருப்பினாலும் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, தாங்கள் சொன்னதற்குத் தாங்களே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிற நமக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் கூட்டாளியும் அருப்புக்கோட்டையில் இதே தொழிலைச் செய்தோம். நாங்கள் ஒருநாளும் சிரித்ததில்லை. சிரித்தால் வாயில் இருக்கிற இட்லி மைக்கில் தெறிக்கும். மைக் என்னுடையது.

எனக்கு சவுண்டு சர்வீஸ். ஒரு ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு சுற்றுகிற பெட்டி, இரண்டு ஒலிபெருக்கிக் குழாய். கல்யாணம், காதுகுத்து, பொங்கல், தேர்தல் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். கூட்டாளி கைத்தறிக்காரன். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இரண்டிலும் அவனுக்கு வாய் மூடாது. தறிக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போதுகூட யாரையாவது மாதிரி பேசிக்கொண்டிருப்பான். நெசவாளர் தெருவில் அவன் குரல் மாற்றிப் பேசிக் காட்டாத ஆள் கிடையாது, அவன் அம்மா உட்பட.

தெரு முக்கில், பஸ் போகிற ரோட்டைப் பார்த்தபடி ஒரு கிளப்புக் கடை இருந்தது. கிளப்பு என்றால் சீட்டாடுகிற இடம் இல்லை. இட்லி, காப்பி, மத்தியானம் சோறு, அவ்வளவுதான். அதன் முதலாளி ஒரு ரேடியோ வைத்திருந்தார். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதுவும் சந்தனப் பொட்டோடு இருக்கும். தறியில் உட்காரும் முன் தெருவே வந்து பாட்டும் செய்தியும் கேட்டுக்கொண்டே இட்லியைத் தின்றுவிட்டுப் போகும். ஒரு கோடையில் ரேடியோவில் வால்வு போய்விட்டது. மதுரைக்கு ரிப்பேருக்கு அனுப்பினார். ரேடியோ போன மறுநாளே வாடிக்கையும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது, அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இட்லியின் ருசிக்காகத்தான் கூட்டம் வருகிறது என்று அதுவரை அந்த மனுசன் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் என்னிடம் ஓடி வந்தார். நான் கடை வாசல் வேம்பில் குழாயைக் கட்டி ரிக்கார்டு போட்டேன். ஒரு ரிக்கார்டை எடுத்து இன்னொன்றைப் போடுவதற்குள் கொஞ்ச நேரம் சும்மா இருக்குமல்லவா, அந்த இடைவெளியில் இட்லி தின்றுகொண்டிருந்த கூட்டாளி எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான். ரேடியோவில் பேசுகிறவர்களின் அதே இழுப்போடு, "இது கிளப்புக் கடை வானொலி நிலையம். அடுத்து நேயர் விருப்பம். ரெண்டாவது பெஞ்சில் இருக்கும் நேயர் கெட்டிச் சட்னி விரும்பிக் கேட்டிருக்கிறார். நிலையத்தில் இருப்பு இல்லை" என்றான். கடை குலுங்கியது. எதிர்க்கடையில் பாதி தின்றவர்கள் இலையோடு எழுந்து வந்தார்கள்.

அன்றைக்குப் பிடித்த மைக்கை அவன் இரண்டு வருசம் விடவில்லை. மதுரையிலிருந்து ரேடியோ சரியாகி வந்து, முதலாளி அதைத் திருகியபோது, அந்தக் கழுதையை அணைக்கச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். அதற்குமேல் அது அலமாரியில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நேரம் சொல்வது என் பொறுப்பு. என் குரல் இழவு சொல்லவென்றே செய்த குரல் என்று கூட்டாளி சொல்வான். அந்தக் குரலில், "இப்போது நேரம், முதலாளி இரண்டாம் ஈடு இட்லி இறக்கும் நேரம்" என்பேன். அவன் செய்தி வாசிப்பான். யார் வீட்டு ஆடு யார் வீட்டு மல்லியைத் தின்றது, யார் வீட்டு மருமகன் தீபாவளிக்கு வந்து ஆடியாகியும் ஊருக்குக் கிளம்பவில்லை, முனிசிபல் குழாயடியில் நேற்று நடந்த யுத்தத்தில் உடைந்த குடங்கள் எந்தத் தரப்பைச் சேர்ந்தவை. பொம்பளைக் குரலில் குழாயடிச் சண்டையை அவன் ஒருத்தனே நாலு பேராகப் போடுவான். அந்த நாலு பேரும் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் சிரிப்புதான். தன் பேச்சு மட்டும் சரியாக வரவில்லை என்று ஒருத்தி கடைக்கே வந்து திருத்திவிட்டுப் போனாள்.

ஆனால் ஜனம் காத்திருந்தது வானிலை அறிக்கைக்குத்தான். எங்கள் பக்கம் மழையின் லட்சணம் உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லிவிடுகிறேன். மேகம் வரும். நின்று பார்க்கும். நமக்கும் ஆசை காட்டும். அப்புறம் வேறு ஊருக்குப் போய்விடும். பரளச்சிப் பக்கத்து மானாவாரிக்காரன் பருத்தியையும் மிளகாயையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தே கழுத்து வலி வந்து சாவான். கூட்டாளி தினமும் கடைசியில் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பான்: "மழை வருது. பரளச்சி வந்துருச்சு." உடனே கடையில் சத்தம் அடங்கும். "பரளச்சியில பஸ்ஸுக்கு நிக்குது. பஸ்ஸு வந்துச்சு. உக்கார சீட்டு இல்லன்னு மழை ஏறல." மறுநாள் மழை திருச்சுழியில் மாமனார் வீட்டுக்குப் போய், கறிச்சோறு போடவில்லையென்று கோபித்துத் திரும்பியிருக்கும். அதற்கு அடுத்த நாள் குமாரலிங்கபுரத்தில் வழி தவறி விருதுநகருக்குப் போயிருக்கும். ஒவ்வொரு புளுகுக்கும் பின்னால், முகத்தை அழுகிறவன் போல வைத்துக்கொண்டு, "நெசமாத்தான் சொல்றேன்" என்பான். ஆரம்பித்த நாலைந்து மாதத்திலேயே "நெசமாத்தான் சொல்றேன்" என்பது தெருவில் குழந்தைகள்கூடப் புளுகும்போது சொல்கிற வார்த்தையாகிவிட்டது.

இப்படி ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு ஒரு குறை இருந்தது. ஒருத்தி சிரிக்கவில்லை.

தெரு நடுவில் அவள் வீடு. இவனுக்கு முறை வருகிற குடும்பம்தான். குழாய்ச் சத்தம் அவள் வாசலுக்கு நன்றாகவே போகும். அவளுக்கு எதிர்வீட்டில் இவனுடைய மதினி இருந்தாள், அண்ணன் பெண்டாட்டி. காலையில் நிலையம் முடிந்ததும் இவன் நேரே மதினி வீட்டுக்குப் போய், இன்றைக்குச் சிரித்தாளா என்று கேட்பான். சிரிக்கல என்பாள் மதினி. லேசாகவாவது? லேசாகவும் இல்லை. தமிழ்க் கிண்டல் அவளுக்கு ஒட்டவில்லையோ என்று ஒருநாள் நிகழ்ச்சி முழுவதையும் தெலுங்கில் நடத்தினான். எனக்குத் தெலுங்கில் நேரம் சொல்லத் தெரியாமல் பட்ட பாட்டுக்கே தெரு உருண்டது. அவள் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததாக மதினி வந்து சொன்னாள். இவன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வாரத்தில் அவள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு, தலையைத் திருப்பியபடியே போய், சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தான். மதினி அவனைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்து வாளி வாளியாக ஊற்றினாள். பக்கத்தில் போகவே எனக்குக் குமட்டியது. இந்தச் செய்தி நம் நிலையத்தில் வரக் கூடாது என்று ஈரத்தோடு என்னிடம் சத்தியம் வாங்கினான். ஊரார் வீட்டு மானத்தையெல்லாம் குழாயில் ஏற்றியவன், தன் சாக்கடையை மட்டும் மறைத்துவிட்டான்.

அவளுடைய அப்பா எங்கள் நேயர்களில் முதல்வர். மூன்றாவது பெஞ்சின் ஓரம் அவருடையது. வானிலை அறிக்கைக்கு அவர் சிரிக்கிற சிரிப்பில் புரையேறும். தோளில் கிடக்கிற துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பார். இவ்வளவு சிரிக்கிறவர் பெண் தரமாட்டாரா என்று கூட்டாளி கணக்குப் போட்டான். மதினியை அனுப்பிக் கேட்கச் சொன்னான். அவர் மதினியிடம் பிடிகொடுக்காமல், மறுநாள் கடைக்கு வந்து, நாங்கள் நிகழ்ச்சியை முடிக்கும் வரைக்கும் வழக்கம்போலச் சிரித்து, கையைக் கழுவிவிட்டு எங்களிடம் வந்தார்.

"சிரிக்க ஒரு ஆளு, பொண்ணு குடுக்க ஒரு ஆளுப்பா" என்றார்.

கூட்டாளி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அவசரமாக ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன்.

"ஒன்னக் குத்தம் சொல்லல. தொழில்ல நீ கெட்டி, குடிக்கமாட்ட, எல்லாந் தெரியும். ஆனா நீ வாயத் தொறந்தா எனக்குச் சிரிப்புதான் வருது. நாளைக்கு எம்மகளுக்கு மேலுக்கு முடியலன்னு நீ ஓடியாந்து சொல்ற. நான் துண்டை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டுல்ல உக்காந்திருப்பேன்?"

கூட்டாளி மைக்கின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். நீ நிஜமாகச் சொல்கிற ஒன்றை இந்தத் தெருவில் ஒரே ஒரு ஆள் நம்பட்டும், அன்றைக்கே பெண் தருகிறேன் என்றார். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். இதுவும் நல்ல நகைச்சுவைதான் என்று சிரித்தார்கள்.

அதன்பிறகு அவன் நிஜம் சொல்லிப் பழக ஆரம்பித்தான். கேட்கச் சகிக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை என்பான், கடை சிரிக்கும். எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி என்பான், ஒருத்தன் விழுந்து புரளுவான். ஒரு காலையில் மைக்கில் தன் வயசைச் சொன்னான், கைதட்டினார்கள். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, மறுபக்கம் எரிச்சல். ஏலே, ஒன்று பொண்ணை விடு, இல்லை மைக்கை விடு என்றேன். மைக்கை விட்டால் அவள் சிரிக்க வழியே இல்லாமல் போய்விடுமே என்றான். நம்பவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் எதிர்பார்த்தான் அந்த மடையன்.

தீபாவளிக்கு முந்தின மாதம் வந்தது. எல்லா வீட்டிலும் அவசரம். சேலைக்கு நெடுக்கே ஓடுகிற நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வாரிக் காயவைப்பார்கள். அதற்குப் பாவு என்று பெயர். விடியுமுன் ஆம்பளையும் பொம்பளையுமாகக் கஞ்சி போட்டுவிட்டு, அது காய்கிற நேரத்தில் ஆம்பளைகள் இட்லிக்கு வந்துவிடுவார்கள். ஆடும் சைக்கிளும் பாவுக்குள் புகுந்துவிடாமல் பொம்பளைகள் காவல் இருப்பார்கள். கஞ்சி காய்வதற்குள் மழை விழுந்தால் போச்சு. கஞ்சி கரைந்து, இழை ஒன்றோடொன்று சிக்கி, மறுபடி முதலிலிருந்து. அதனால் ஊருக்கெல்லாம் மழை வேண்டும் என்று வேண்டுகிற தெருவும், காலையில் மட்டும் வேண்டாம் என்று வேண்டுகிற தெருவும் ஒன்றுதான்.

அன்று கிழக்கே மேகம் கிடந்தது. ஒரு வாரமாகக் கிடந்ததுதான், யாரும் சட்டை செய்யவில்லை. கூட்டாளி குழாயடிச் சண்டையின் நடுவில் இருந்தான், மூன்றாவது பொம்பளையின் குரல். அப்போது பரளச்சியிலிருந்து முதல் பஸ்ஸு வந்து நின்றது. கூரையில் கிடந்த மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் சட்டையைப் பிழிந்துகொண்டே இறங்கி, சரியான மழை, பின்னாலேயே வருகிறது என்றார். கடைக்குள் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. குழாய் அலறுகிற இடத்தில் கண்டக்டர் பேசினால் யாருக்குக் கேட்கும்? ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும்தான் கேட்டது.

கூட்டாளி பொம்பளைக் குரலைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் குரலில் சொன்னான்.

"மழை வருது. பரளச்சி பஸ்ஸு நனைஞ்சு வந்திருக்கு. பாவை எடுங்க."

கடை வெடித்துச் சிரித்தது. பாவுக்குக் காவல் இருந்த பொம்பளைகளின் சிரிப்பும் தெருவிலிருந்து கேட்டது. தினமும் கடைசியில் வருகிற மழை இன்றைக்கு நடுவிலேயே வந்துவிட்டதே என்று ஒரே சந்தோசம். மழைக்கு சீட்டு கிடைத்ததா, நின்றுகொண்டே வந்ததா என்று ஒருவர் கேட்டார். டிக்கெட் எடுத்ததா என்று இன்னொருவர். கூட்டாளி, "நெசமாத்தான் சொல்றேன்" என்றான். அடக் கடவுளே, வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? மூன்றாவது பெஞ்சில் அவள் அப்பா துண்டை எடுத்து வாயில் திணித்துவிட்டார்.

நான் மைக்கைப் பிடுங்கி, இழவு சொல்லவென்றே செய்த என் குரலில், "இது நகைச்சுவை அல்ல, மழை வருகிறது" என்றேன். அவ்வளவுதான், முதலாளியே கல்லாவில் தலையைச் சாய்த்துவிட்டார். கூட்டாளி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னான். மழை வருது, பாவை எடுங்க. மழை வருது, பாவை எடுங்க. கடைசியில் அவன் குரல் கம்மிவிட்டது. அவன் அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்று பெஞ்சுகளில் பேசிக்கொண்டார்கள்.

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பிறகு ஒரே ஓட்டம். இலை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, ஒயரைப் பிடுங்கினேன். அப்போதும் அவன், செத்துப்போன மைக்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

மழை ஒரு இட்லி ஈடு வேகிற நேரம்கூடப் பெய்யவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சேதம் செய்ய அது போதும். நனைந்து ஊறி நாலைந்து பேர் கடைக்குத் திரும்பி வந்தார்கள், இவனை அடிக்க. பாவு போன ஆத்திரம் அவர்களுக்கு, அதைக் குறை சொல்ல முடியாது. அதில் ஒருவர் இவன் சட்டையைப் பிடித்துக் கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"நெசத்தச் சொல்றவன் நெசத்தச் சொல்ற மாதிரிச் சொல்ல வேண்டாமாலே?"

அவரைப் பிய்த்து எடுத்து ஓரமாக நிறுத்துவதற்குள், தெரு நடுவிலிருந்து மதினி ஓடி வந்தாள். அவள் மூச்சு வாங்கியதைப் பார்த்து, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தோம். வந்து பாருங்கள் என்றாள். கூட்டாளி போனான். மைக்கில் தண்ணீர் போய்விட்டதே என்ற துக்கத்தோடு நானும் போனேன். சட்டையைப் பிடித்தவரும் சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று பின்னாலேயே வந்தார்.

தெரு நெடுக நனைந்த பாவுகள் தொங்கிக் கிடந்தன. அவள் வீட்டு வாசலில் மட்டும் வெறும் முளைக்குச்சிகள். உள்ளே, கூடத்தின் நடுவில், பாவு ஒரு துளி நனையாமல் சுருட்டிக் கிடந்தது. அவளும் அவள் அம்மாவும் சித்தியும் சுவரில் சாய்ந்து மூச்சு இரைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா வாசல்படியில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். துண்டு இன்னும் கையில் இருந்தது. அந்த வீட்டுக்குள் பேசியதெல்லாம் தெலுங்கு. எனக்குப் புரிந்ததை இங்கே நம் தமிழில் சொல்கிறேன்.

"மேகத்தப் பாத்துச் சுருட்டினியாத்தா?" என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். மேகம் ஒரு வாரமாகத்தானே கிடக்கிறது என்றாள். குழாயில் சொன்னார்கள், அதைக் கேட்டு அம்மாவையும் சித்தியையும் கூப்பிட்டுச் சுருட்டினேன் என்றாள்.

"கடையில அம்புட்டுப் பேரும் சிரிச்சோம். நீ எப்படி நம்புன?"

அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த கஞ்சியை உரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"இவுக பேசி எனக்கு என்னைக்கும் சிரிப்பு வந்ததில்ல. இன்னைக்கும் வரல. மழை வருதுன்னாக, சுருட்டினோம்."

அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். கடையில் தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மற்றவர்களுக்கும் வந்துவிட்டது. சட்டையைப் பிடித்தவரே, தெருவில் ஒரு ஆள் நம்பினால் போதும் என்றுதானே சொன்னீர்கள் மாமா, மகள் என்றால் கணக்கில் வராதா என்று எடுத்துக் கொடுத்தார். பாவு போன மனுசனுக்கு ஒரு கல்யாணச் சாப்பாடாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பார். அவள் அப்பா கொஞ்ச நேரம் அந்தச் சுருட்டிய பாவையே பார்த்தார். பிறகு சொன்ன சொல் சொன்னதுதான், தருகிறேன் என்றார்.

கூட்டாளியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் அசையவில்லை. தருகிறேன் என்றது அவன் காதில் ஏறவே இல்லை. முகம் செத்துப்போயிருந்தது. பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் மறந்துவிட்டு அவளைப் பார்த்து நேராகவே கேட்டான். மைக் இல்லாமல் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"ஒரு நாள்கூடவா சிரிப்பு வரல?"

அவள் யோசித்தாள். ஒப்புக்குச் சொல்லத் தெரியாத பிறவி என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்க்கிறவள்போல நின்றுவிட்டு, முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாள் வந்துச்சு. நீங்க சைக்கிளோட சாக்கடையில விழுந்தீகள்ல, அன்னைக்கு. உள்ள போயி ராத்திரி வரைக்கும் சிரிச்சேன்."